பிள்ளையைச் சாரணரில் சேர்க்கும் பெற்றோர் விடுகிற பிழைகள்

புதிய தவணை தொடங்கினால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வீடுகளில் ஒரு கேள்வி வரும்: "பிள்ளையைச் சாரணரில் போடுவமா?" தாராளமாகப் போடுங்கள். ஆனால் ரியூஷனில் போடுவது போலப் போடாதீர்கள். காசைக் கட்டி, வாசலில் இறக்கிவிட்டு, நேரம் முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போய், கடைசியில் ஒரு சான்றிதழை எதிர்பார்ப்பது ரியூஷனுக்குச் சரிவரலாம். சாரணியத்தில் வேலையைப் பிள்ளைதான் செய்ய வேண்டும். பெற்றோர் சில விஷயங்களில் கையை எடுத்துவிட வேண்டும். சில விஷயங்களில் கண்ணை எடுக்கவே கூடாது. குழுக்களில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதால் வருபவை.

முதல் பிழை கடையில் தொடங்குகிறது. சேர்ந்த கிழமையே முழுச் சீருடை, தொப்பி, கழுத்துப்பட்டி எல்லாம் வாங்கி உடுத்தி அனுப்பிவிடுவார்கள். கழுத்துப்பட்டியும் அங்கத்துவச் சின்னமும் சின்னம் சூட்டும் நாளில், அதாவது பிள்ளையை முறைப்படி சாரணராக ஏற்கும் நாளில், குழுவை நடத்தும் சாரணர் தலைவர் கையால் பெற வேண்டியவை. அதற்கு முன் பிள்ளை சாரணர் வாக்குறுதியையும் சட்டத்தையும் விளங்கிக்கொண்டு, வணக்கம் செலுத்தவும் இடக்கையால் கைகுலுக்கவும் சில முடிச்சுகள் போடவும் பழக வேண்டும். கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ள இலங்கைச் சாரணர் சங்கத் தலைமையகத்தில் சாரணர் பொருட்கள் விற்கும் கடை இருக்கிறது. ஆனாலும் என்ன வாங்குவது, எப்போது வாங்குவது என்று குழுவிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வளர்ந்துவிட்ட அண்ணன்மாரின் சீருடை பல குழுக்களில் கைமாறும். அதை வாங்கிப் போடுவதில் எந்தக் குறைவும் இல்லை.

அடுத்தது அணித் தலைவர் விவகாரம். சாரணர் துருப்பு சிறு சிறு அணிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பிள்ளைதான் தலைவர். இது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 1907இல் சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே 20 பேரளவிலான பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து, பொறுப்பைப் பையன்களிடமே கொடுத்தார். 1912இல் மாத்தளையில் தொடங்கி இலங்கைக்கு வந்த சாரணியமும் இதே முறையில்தான் நடக்கிறது. ஆகவே உங்கள் 11 வயது மகனிடம் "இந்தச் சட்டியைக் கழுவு" என்று சொல்வது 15 வயதுப் பையனாக இருக்கலாம். உடனே ஆசிரியருக்கு அழைப்பு எடுத்து, "சேர், வீட்டில் இவன் ஒரு கோப்பையும் கழுவினதில்லை" என்று முறையிட வேண்டாம். அதற்காகத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். அதேநேரம் அடித்தான், காசு பறித்தான், இரவில் பயமுறுத்தினான் என்று பிள்ளை சொன்னால் அது வேறு கதை. அன்றைக்கே பொறுப்பாசிரியரிடம் பேச வேண்டும்.

பிரவுன்சீ முகாமில் இன்னொரு விஷயமும் இருந்தது. வசதியான பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே அணியில் கலந்திருந்தார்கள். கொழும்பில் வாழும் நமக்கு அதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மாவட்ட முகாம் என்று வந்ததும், "தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே கூடாரத்தில் போடுங்கோ, அவனுக்குச் சிங்களம் சரியாக வராது" என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். பயம் புரிகிறது. ஆனால் சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து அடுப்பு மூட்டி, அரைகுறைச் சிங்களத்தில் உப்புக் கேட்டு, அவர்களுக்கு நாலு தமிழ்ச் சொல் சொல்லிக் கொடுத்துப் பழகும் வாய்ப்பு இந்த நகரத்தில் நம் பிள்ளைகளுக்கு வேறு எங்கே கிடைக்கிறது? பாடசாலையிலேயே மொழிவாரியாகப் பிரிந்துதான் படிக்கிறார்கள். இந்த ஒரு கதவையாவது நாமே மூடாமல் இருப்போம். சாப்பாடு, வழிபாடு பற்றி மட்டும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். மரக்கறி மட்டுமா, ஹலாலா, விரத நாள் ஏதும் வருகிறதா என்று தெரிந்தால் ஒழுங்கு செய்வது கடினமில்லை. முகாம் வாசலில் வந்து நின்று சொன்னால்தான் கடினம்.

முகாமுக்குப் பையை அடுக்குவது யார்? பல வீடுகளில் அம்மாதான். அவர் அழகாகத்தான் அடுக்குவார், அதில் குறையில்லை. ஆனால் இரவு ஏழு மணி, மழை தூறுகிறது, கூடாரத்துக்குள் வெளிச்சம் இல்லை, டோர்ச் எங்கே என்று பிள்ளைக்குத் தெரியாது. பையைத் தலைகீழாகக் கவிழ்க்கிறான். மடித்து வைத்த உடுப்பு, துவாய், பற்பசை எல்லாம் ஈரத் தரையில். டோர்ச் சவர்க்காரப் பெட்டிக்குக் கீழே கிடக்கிறது. இதைத் தவிர்ப்பது எளிது: பட்டியலைப் பிள்ளையிடம் கொடுத்து, அவனையே அடுக்கவிட்டு, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாள் உடுப்பையும் தனித்தனிப் பொலித்தீன் பையில் போடட்டும். டோர்ச்சும் மழைக்கோட்டும் மேலே இருக்கட்டும். நுவரெலியாப் பக்கம் முகாம் என்றால் கொழும்பு வெக்கையில் வளர்ந்த பிள்ளைக்கு இரவுக் குளிர் தாங்காது; ஸ்வெட்டரும் காலுறையும் கட்டாயம். அப்புறம், பட்டியலில் இல்லாத போன், விலைகூடிய கைக்கடிகாரம், கட்டுக்கட்டாய்க் காசு எதையும் ஒளித்து வைத்து அனுப்பாதீர்கள். பார்வையாளர் நாளில் கொத்து ரொட்டிப் பார்சலோடு போய் உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஊட்டிவிடுவதையும் விட்டுவிடுங்கள். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கண்ணை எடுக்கக் கூடாத பக்கத்துக்கு வருவோம். இங்கேதான் நம்மவர்கள் கூடுதலாக மறைக்கிறார்கள்.

அனுமதிப் படிவத்தில் நோய் பற்றிய பகுதிக்கு "இல்லை" என்று எழுதிவிட்டு, பையின் அடியில் இன்ஹேலரைச் சொருகி அனுப்புகிறவர்கள் உண்டு. முட்டு வருத்தம் என்று எழுதினால் கூட்டிப்போக மாட்டார்களோ என்ற பயம். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு இழுக்கும்போது, பக்கத்தில் நிற்கும் சாரணர் தலைவருக்கு அந்த இன்ஹேலர் இருப்பதே தெரியாவிட்டால் என்ன ஆகும்? எந்த மருந்து, எத்தனை தடவை, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று தெளிவாக எழுதி, மருந்தைத் தலைவர் கையில் நேரே கொடுங்கள். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு "தெரியும்" என்று போடுவது அதைவிட ஆபத்து. படுக்கை நனைக்கும் பழக்கத்தையும் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தலைவருக்குத் தெரிந்திருந்தால் இரவில் ஒருதரம் எழுப்பிவிட்டு, காலையில் யாரும் அறியாமல் மாற்றுடை எடுத்துக் கொடுப்பார். தெரியாவிட்டால் கூடாரம் முழுக்கத் தெரிந்துவிடும், பிள்ளை அதோடு சாரணரை விட்டுவிடும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டால் சேர் கோபிப்பாரோ என்று தயங்குவது இன்னொரு பிழை. வளர்ந்தவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய இடத்தில் இருக்கக் கூடாது, ஒரே கூடாரத்தில் படுக்கக் கூடாது, பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைக்குத் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. இவற்றை எந்தக் குழுவிடமும் முதல் நாளே கேட்கலாம். முகாமுக்கு எத்தனை பெரியவர்கள் வருகிறார்கள், இரவில் யார் பொறுப்பு, அருகில் எந்த ஆஸ்பத்திரி என்றும் கேளுங்கள். நல்ல தலைவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். பதில் சொல்லச் சினக்கும் இடத்தில் பிள்ளையை விட வேண்டிய அவசியம் இல்லை. பாரதூரமாக ஏதும் நடந்தால் குழுவின் பெயர் கெடும் என்று மூடி மறைக்காமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

சாரணர் வேலை வாரம் வந்தால் திரும்பவும் கையை எடுக்கும் பாடம். பிள்ளை ஒரு சிறு வேலை செய்து, அதற்குக் கிடைக்கும் காசை அட்டையில் பதிந்து வர வேண்டும். அப்பா அந்த அட்டையை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் நண்பர்களிடம் நிரப்பி வந்தால் காசு சேரும், வேலை நடக்காது. பக்கத்து வீட்டுக் காரைக் கழுவட்டும், மாமாவின் கடையில் பெட்டி அடுக்கட்டும். தெரிந்த வீடுகளுக்கு மட்டும், தனியே இல்லாமல் இன்னொரு சாரணரோடு அனுப்புங்கள்.

விருது பற்றியும் ஒரு வார்த்தை. சாரணரின் உச்ச விருதான ஜனாதிபதி சாரணர் விருது என்ற பெயரைக் கேட்டுத்தான் பலர் வருகிறார்கள். அது ஒரேயடியாகக் கிடைப்பதில்லை. படிப்படியாகச் சின்னங்களையும் கீழ் விருதுகளையும் முடித்துக்கொண்டு போக வேண்டும், வயதெல்லையும் உண்டு. பத்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, சாதாரண தரப் பரீட்சைக்காக ஆறு மாதம் நிறுத்திவிட்டு, பிறகு "எப்படியாவது எடுத்துக் கொடுங்கோ சேர்" என்று கேட்பது ஆசிரியரைப் பொய்க் கையெழுத்துக்குத் தள்ளுகிறது. பரீட்சைக் காலத்தில் எப்போது குறைப்பது, எப்போது திரும்ப வருவது என்று முன்கூட்டியே பேசினால் பல குழுக்கள் விட்டுக்கொடுக்கும். சொல்லாமல் கொள்ளாமல் நிற்பதுதான் அணியைக் குழப்புகிறது.

பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். தாதியாக வேலை செய்யும் அம்மா ஒரு சனிக்கிழமை முதலுதவி சொல்லிக் கொடுக்கலாம், வான் வைத்திருக்கும் அப்பா கூடாரங்களை ஏற்றி இறக்கலாம், கணக்குத் தெரிந்தவர் வரவு செலவை எழுதலாம். இவர்களைத் தேடித்தான் ஒவ்வொரு குழுவும் அலைகிறது.