மந்திரி ஒருவரின் தடத்தைத் தேடி எழுதுவது எப்படி: சி. சுப்பிரமணியத்தை முன்வைத்து

அறிவியலையும் தொழில்துறையையும் பொறுப்பில் வைத்திருந்த ஓர் அமைச்சரைப் பற்றி எழுத உட்காருபவர்கள், பெரும்பாலும் அவர் வகித்த பதவிகளின் பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். சி. சுப்பிரமணியத்தைப் பற்றி முதன்முதலாக ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுத்தபோது நானும் அதைத்தான் செய்தேன். அறிவியல் தொழில்நுட்பம் என்ற சொல் அவர் பதவிப் பெயரில் இடம்பெற்ற 1971-ஆம் ஆண்டிலிருந்து புரட்டத் தொடங்கி, இரண்டு வாரம் போன பிறகே, அவர் அறிவியலுக்குச் செய்தவற்றில் கனமான பகுதி அதற்கு முன்பே, வேளாண் அமைச்சகத்தில் நடந்து முடிந்திருந்ததைக் கண்டேன். ஆகவே, முடிவுகளை முதலில் தேடுங்கள். அவை எடுக்கப்பட்ட நாளில் அவர் எந்த நாற்காலியில் இருந்தார் என்பதைப் பிறகு பொருத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு ஒரு காலவரிசை தேவை. பொறுப்பேற்ற நாள், விலகிய நாள், அமைச்சகத்தின் அன்றைய சரியான பெயர், பிரதமர் யார் என்ற நான்கையும் வரிக்கு வரி எழுதிக்கொண்டால் போதும். சுப்பிரமணியம் 1910-இல் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் பிறகு சட்டமும் படித்தவர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952 முதல் பத்தாண்டுகள் சென்னை மாகாணத்தில் நிதியும் கல்வியும் பார்த்தவர். 1962-இல் மக்களவைக்குச் சென்று நேருவின் அமைச்சரவையில் உருக்கு, கனரகத் தொழில்களை ஏற்றார். 1964-இல் லால் பகதூர் சாஸ்திரி அவரை உணவு, வேளாண்மைக்கு மாற்றினார்.

காலவரிசை கையில் இருந்தால் உரியவருக்கு உரிய பெயர் போய்ச் சேரும். பொகாரோ உருக்காலையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க உதவி கிடைக்காது என்று தெளிவாகி, 1963-இல் இந்தியா தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றபோது உருக்கு அமைச்சர் சுப்பிரமணியம். சோவியத் ஒன்றியத்துடன் 1965 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர் அந்தத் துறையிலேயே இல்லை. 'பொகாரோவைக் கொண்டுவந்தவர்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

மூன்றே ஆண்டு நீடித்த 1964-67 காலத்துக்கு உங்கள் நேரத்தில் பாதியைக் கொடுங்கள். அமைச்சர் வயலில் நிற்கும் படங்கள் எளிதில் கிடைக்கும். நீங்கள் தேட வேண்டியது விதி மாற்றத்தை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை அதுவரை ஆட்சிப் பணி அதிகாரிகளிடம் இருந்துவந்தது. 1965-இல் பி.பி. பால் என்ற கோதுமை விஞ்ஞானி அதன் தலைமை இயக்குநரானார். பயிர்வாரியாகவும் துறைவாரியாகவும் சிதறிக் கிடந்த ஆராய்ச்சி நிலையங்கள் அந்தக் கழகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. யாருடைய கையெழுத்தில் ஒரு விஞ்ஞானி நியமிக்கப்படுகிறார், எந்தத் தலைப்பிலிருந்து அவருக்குப் பணம் வருகிறது என்பதை மாற்றிய அமைச்சர், தான் போன பிறகும் நிலைக்கும் ஒன்றைச் செய்திருக்கிறார் என்பது என் கணிப்பு. அதே 1965 ஜனவரியில், தானியத்தைக் கொள்முதல் செய்யும் உணவுக் கழகமும் விளைபொருளுக்கு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் விலைக் குழுவும் தோன்றின. விதையும் விலையும் சேர்ந்தே வராவிட்டால் உழவர் புது ரகத்தைத் தொடமாட்டார் என்ற கணக்கு இந்த நிறுவனங்களுக்குப் பின்னால் இருந்தது.

அடுத்து, எதிர்த்தவர்களைத் தேடுங்கள். உழவருக்கு விலையை உயர்த்திக் கொடுப்பதற்கு நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஒப்பவில்லை, அந்நியச் செலாவணி தட்டுப்பாடான நாளில் விதை வாங்குவதை நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் கேள்வி கேட்டார்கள். அந்த எதிர்வாதங்களைப் படித்த பிறகுதான், 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் அதிக விளைச்சல் தரும் குட்டைக் கோதுமை விதையைத் தருவிக்க எடுத்த முடிவின் எடை உங்களுக்குத் தெரியவரும். தன் டெல்லி பங்களாவின் புல்தரையை உழுது அமைச்சர் அந்தக் கோதுமையை விதைத்ததைப் பலரும் சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். வாசலில் விளைந்து நிற்கும் பயிரை வந்து போகும் எவரும் பார்க்கலாம் என்பதால், அதையும் ஒரு வாதமாகவே வாசிக்கலாம்.

தோல்வியைத் தவிர்த்துவிட்டு எழுதாதீர்கள். 1967 தேர்தலில் அவர் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். மறுஆண்டு கோதுமை விளைச்சல் அதுவரை இல்லாத அளவாக 1 கோடியே 65 லட்சம் டன்னைத் தொட்டு, 'கோதுமைப் புரட்சி' என்று அஞ்சல் தலையும் வெளியானபோது, அவர் அமைச்சரும் இல்லை, மக்களவை உறுப்பினரும் இல்லை. இந்த இடைவெளியிலும் தடம் உண்டு. விமானத் தொழிலை ஆராய அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். பதவியில் இல்லாத ஆண்டுகளுக்குக் குழு அறிக்கைகளே சான்று.

1971-இல் கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பி வந்தபோதுதான் அறிவியல் அவருடைய பதவிப் பெயரில் ஏறுகிறது: முதலில் திட்டத்துறையோடும், அடுத்த ஆண்டிலிருந்து தொழில் வளர்ச்சியோடும் சேர்த்து. அறிவியல் தொழில்நுட்பத் துறை 1971 மே மாதத்தில் தொடங்கப்பட்டது. தேசிய அறிவியல் தொழில்நுட்பக் குழுவின் தலைவராக இருந்து, ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கென ஒரு தனி அறிவியல் திட்டத்தை அவர் உருவாக்கச் செய்தார். இங்கே, எந்தப் பணி எந்த அமைச்சகத்துக்கு என்று வரையறுக்கும் அரசின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். அணுசக்தியும் விண்வெளியும் பிரதமரிடமே இருந்தன, அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்துக்கும் பிரதமரே தலைவர் என்பதை அறிந்தால், அறிவியல் அமைச்சர் என்ற பெயருக்குள் அடங்கிய எல்லை எவ்வளவு சிறியது என்பது புரியும். 1973 இறுதியில் எண்ணெய் விலை ஏறி அரசின் கணக்குகள் எல்லாமே புரண்டன. 1974 அக்டோபரில் அவர் நிதிக்கு மாறினார்.

மூலங்களில் முதலிடம் மக்களவை நடவடிக்கைகளுக்கு. நாடாளுமன்றத்தின் மின்னணு நூலகத்தில் அவை கிடைக்கின்றன. உரைகளைவிட, அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்குப் பின் எழும் துணைக் கேள்விகளைப் பாருங்கள். எழுதிக் கொடுத்த தாள் தீர்ந்த இடத்தில்தான் அமைச்சருக்குத் துறை தெரியுமா என்பது வெளிப்படும். 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்ற விடையைக் கண்டால் விட்டுவிடாதீர்கள். அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழிகளின் கணக்கில் ஏறி, பல மாதங்களுக்குப் பின் வேறொரு தொகுதியில் பதிலாக வந்திருக்கக்கூடும். அவருடைய தன்வரலாறு மூன்று பாகங்களாக உள்ளது. அதைக் கடைசியில் படிப்பதே நல்லது. முன்பே படித்தால் அவர் கேட்ட கேள்விகளையே நீங்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

தமிழ் இதழ்களைத் தேட சென்னையில் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் எழும்பூர் கன்னிமாராவும் உதவும். அங்கே இன்றைய சொற்களைக் கொண்டு தேடினால் ஒன்றும் அகப்படாது. அன்றைய தலைப்புகளில் அமைச்சர் 'மந்திரி', துறை 'இலாகா', அறிவியல் 'விஞ்ஞானம்', வேளாண்மை 'விவசாயம்'. சுப்பிரமணியமோ பல இடங்களில் வெறும் 'சி.எஸ்.'தான். 1965 பிப்ரவரி இதழ்களில் 'உணவு மந்திரி ராஜினாமா' என்று கண்டால், அது கோதுமை விவகாரம் அல்ல. மொழிப் போராட்டத்தின்போது அவரும் சக மத்திய அமைச்சர் ஓ.வி. அளகேசனும் கொடுத்து, பின்னர் திரும்பப் பெற்ற விலகல் கடிதங்களைப் பற்றியது.