வீட்டில் இரத்த அழுத்தத்தை முறையாக அளப்பது எப்படி?

மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இட்டுச்செல்லும் காரணங்களில் இரத்தக் கொதிப்பு முதன்மையானது. பெரும்பாலும் அது எந்த அறிகுறியும் காட்டாது என்பதால், அளந்து பார்த்துத்தான் அறிய முடியும்.

மேற்கையில் பட்டை கட்டி அளக்கும் தானியங்கிக் கருவியே நம்பகமானது. பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, சாய்மானமுள்ள நாற்காலியில், பாதங்கள் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருங்கள். கையை மேசைமீது நெஞ்சின் உயரத்துக்கு வைத்து, பட்டையைச் சட்டைத் துணியின்மேல் சுற்றாமல் வெறும் தோலில் கட்டுங்கள். கையைத் தொங்கவிட்டு அளந்துவிட்டு, வந்த எண்ணைக் கண்டு பதறுவோரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை வீதம் ஏழு நாள் அளந்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். மேல் எண் 135, கீழ் எண் 85 என்ற அளவை இரண்டில் ஒன்று எட்டினாலும் அந்த நோட்டுடன் மருத்துவரைப் பாருங்கள். 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

அடுத்து உப்பு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நால்வருக்கு மாதம் 600 கிராம். ஆகவே வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது என்று தேதி குறித்து வைத்தால் உண்மை தெரிந்துவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் ஆகியவற்றில் உள்ள உப்பு இக்கணக்கில் சேராது. இந்துப்பும் சோடியம்தான், அதற்கு மாறுவதால் பயனில்லை. பொட்டாசியம் கலந்த உப்பைச் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

“பிரஷர் நார்மலாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?” என்று நிறுத்திவிடுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. மாத்திரையால்தான் அந்த அளவு வந்தது. நிறுத்தினால் பெரும்பாலும் மறுபடியும் ஏறும். அலைச்சல் காரணமாக மாத்திரை வாங்கத் தவறுவோருக்கு, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அங்கேயே சர்க்கரை அளவையும் பார்த்துக்கொண்டு, கொலஸ்ட்ரால் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.