ஏஐ காலத்தில் மாணவர் மதிப்பீடு: புது ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

கல்லூரியில் புதிதாகப் பாடம் எடுக்க வருபவர்கள் தங்கள் அசைன்மென்ட் வினாக்களை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு நாங்கள் எங்கெல்லாம் தடுமாறினோமோ, அதே இடங்களில்தான் இவர்களும் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் விலை கொடுப்பது மாணவர்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லப் போவதில்லை. போன வருட வினாவை அப்படியே கொடுக்கக் கூடாது, விதிகளை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஏஐ எழுதியதைக் கண்டறியும் மென்பொருள் காட்டும் சதவீதத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொன்னது. இரண்டுமே அந்த நிறுவனம் தானே சொன்ன எண்கள்.

இதை ஒரு வகுப்பில் வைத்துப் பாருங்கள். 200 பேரில் 20 பேர் ஏஐயை எழுத வைத்து ஒப்படைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி அவர்களில் 5 பேரைப் பிடிக்கும். தாமே எழுதிய 180 பேரில் 16 பேரையும் பிடிக்கும். விசாரணைக்கு வந்து உட்காரும் 21 பேரில் நான்கில் மூன்று பங்கினர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். துல்லியம் போதவில்லை என்று அந்தக் கருவியை அதே வருடம் ஜூலையில் நிறுத்திவிட்டார்கள்.

பின்னால் வந்த கருவிகள் மேம்பட்டவை என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் இவற்றில் பலவும் அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியதாக இருக்கிறது என்பதையே பெரிதும் பார்த்தன. இரண்டாம் மொழியில் எழுதுபவர் தனக்குத் தெரிந்த எளிய சொற்களையும் வாக்கியங்களையும்தான் பயன்படுத்துவார், அதனால் மாட்டிக்கொள்வார். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை 7 கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் ஏஐ எழுதியவை என்று முடிவு வந்தது. அதே 2023 ஆகஸ்டில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த டர்னிட்டின் (Turnitin) என்ற நகல் சரிபார்ப்பு மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்தி வைத்தது.

அப்படியானால் ஆசிரியரின் கண் போதுமா? அதுவும் போதாது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் உளவியல் இளநிலைத் தேர்வுகளுக்கு, திருத்துபவர்களுக்குச் சொல்லாமல், ஏஐ எழுதிய விடைத்தாள்களைச் சேர்த்து அனுப்பிப் பார்த்தார்கள். 2024இல் வெளியான முடிவின்படி 94 சதவீதத் தாள்கள் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. சராசரி மதிப்பெண்ணும் மாணவர்களைவிட அதிகமாகவே இருந்தது.

"இதை எழுதியது நீயா?" என்று ஏஐயிடமே கேட்பது

அதற்குத் தெரியாது. ஆமாம் என்றும் சொல்லும், இல்லை என்றும் சொல்லும்.

நிஜ வேலையைப் போல வினா அமைத்தால் ஏஐ தொட முடியாது என்று நம்புவது

இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். பாடத்தின் மேல் அக்கறையுள்ள, உழைக்கிற ஆசிரியர்களே இதில் விழுகிறார்கள்.

"போக்குவரத்துத் திட்டமிடலை விளக்குக" என்று கேட்டால் ஏஐ எழுதிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் வினாவை மாற்றுகிறார்கள்: "நீங்கள் நகர நிர்வாகத்தின் ஆலோசகர். ஒரு சந்திப்பின் நெரிசலைத் தீர்க்க, ஆணையருக்கு 2,000 சொற்களில் அறிக்கை எழுதுங்கள்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆலோசகர் அறிக்கை, கொள்கைக் குறிப்பு, வாடிக்கையாளருக்குக் கடிதம், பாடத்திட்டம் இதெல்லாம்தான் ஏஐ மிகச் சரளமாக எழுதும் வகைகள். வினாவை வேலை போல மாற்றியவர்கள், மதிப்பிடுவதை மாற்றவில்லை. கடைசியில் கையில் வருவது அதே முடிந்துபோன, மெருகேற்றிய ஒரு கோப்பு.

போக்குவரத்துப் பொறியியல் எடுக்கும் இளைய ஆசிரியர் ஒருவர், தன் வகுப்பிலேயே மிகச் சிறந்தது என்று ஓர் அறிக்கையை என்னிடம் காட்டினார். மொழி அருமை, அமைப்பு அருமை. பின்னிணைப்பில் மாணவர் தானே நின்று எண்ணிய வாகனக் கணக்கு இருந்தது. கால்மணிக்கு ஒருமுறை எடுத்தது: 210, 260, 340, 190. உள்ளே, உச்ச நேரக் காரணி 0.92 என்று எழுதியிருந்தது.

இந்தக் காரணியைக் கணக்கிடுவது மிக எளிது. ஒரு மணி நேர மொத்தத்தை, மிக நெரிசலான கால்மணியின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். மொத்தம் 1,000. 340இன் நான்கு மடங்கு 1,360. வகுத்தால் 0.74 வருகிறது. 0.92 என்பது களத் தரவு இல்லாதபோது கையேட்டிலிருந்து எடுத்துப் போடுகிற வழக்கமான எண். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 0.92 என்றால் அந்த மணி நேரம் முழுக்க வண்டிகள் ஏறத்தாழ சீராக வருகின்றன என்று பொருள். 0.74 என்றால் ஒரே கால்மணிக்குள் வந்து குவிகின்றன. அறிக்கையின் சிக்னல் நேரப் பரிந்துரை முழுவதும் 0.92 மேல் கட்டப்பட்டிருந்தது. அதன்படி சிக்னல் வைத்தால், அந்தக் கால்மணியில் சந்திப்பு அடைத்துக்கொள்ளும்.

ஆசிரியர் மதிப்பெண் பிரித்திருந்த விதத்தைப் பார்த்தேன். அமைப்புக்கு, மொழிநடைக்கு, பரிந்துரையின் தெளிவுக்கு, மேற்கோள்களுக்கு என்று தனித்தனியாக இருந்தது. எண்ணிய தரவிலிருந்துதான் முடிவு வந்ததா என்பதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. அறிக்கையை ஏஐ எழுதியதா, மாணவர் எழுதினாரா என்பது இங்கே இரண்டாவது கேள்விதான். யார் எழுதியிருந்தாலும், போக்குவரத்துத் திட்டமிடல் தெரியும் என்பதற்கு அந்த மதிப்பெண் சாட்சியாக நிற்காது.

அப்புறம் அந்த மாணவரிடம் பேசினோம். 0.92 எங்கிருந்து வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தச் சந்திப்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதும் பேச ஆரம்பித்தார். மூன்றாவது கால்மணியில் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றதையும், திரும்ப வேண்டிய வண்டிகள் நேராகப் போகும் வரிசையை மறித்ததையும் கண்ணால் கண்டபடி சொன்னார். 0.74 என்ற எண் சொல்வதும் அதைத்தான். அவர் பார்த்துத் தெரிந்துகொண்ட எதுவும் அறிக்கையில் இல்லை. அதைக் கேட்கும் இடமே மதிப்பீட்டில் வைக்கப்படவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். ஏமாற்றுபவரைத் தப்பவிடுவதோடு, உண்மையிலேயே வேலை செய்த மாணவரின் அறிவையும் நாம் வீணாக்குகிறோம்.

அடுத்த பருவத்தில் அந்த ஆசிரியர் மாற்றிக்கொண்டார். களத்தில் எழுதிய தாளை, அடித்தல் திருத்தலோடு, எண்ணிய அன்றே வாங்கிக்கொண்டார். அறிக்கையை இரண்டு பக்கமாகக் குறைத்தார். எழுத ஏஐயைப் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். பிறகு வகுப்பில் எல்லோருக்கும் அவரவர் அட்டவணையைத் திருப்பிக் கொடுத்து நிலைமையை மாற்றினார்: "பேருந்துகளை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுகிறார்கள். உங்கள் அட்டவணையில் எந்த எண்ணை இனி நம்ப மாட்டீர்கள், ஏன்?" அங்கேயே உட்கார்ந்து அரைப் பக்கம் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி இதற்குத்தான். தானே எண்ணாதவர்களுக்கு அந்த அரைப் பக்கம் வரவில்லை.

நிஜ வேலையை ஒத்த மதிப்பீடு என்ற கருத்தைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கல்வியாளர் கிராண்ட் விக்கின்ஸ். 1989இலேயே அவர் இன்னொன்றையும் வலியுறுத்தினார்: மாணவர் தன் வேலையைப் பிறர் முன்னால் வைத்து, கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும், வெளியே தெரிகிற திறமை மெய்யானதுதானா என்பது அப்போதுதான் தெரியும். இன்று பலரும் வினாவின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பாதியை விட்டுவிட்டார்கள்.

சொந்த அனுபவத்தை எழுதச் சொன்னால் போதும் என்று நினைப்பது

பட்ட சிரமங்களையும் கற்ற பாடங்களையும் ஏஐ கற்பனையாக எழுதித் தரும், உருக்கமாகவே எழுதித் தரும். மறுபக்கம், நேர்மையான மாணவர் மதிப்பெண்ணுக்காகத் தன் வீட்டுத் துயரத்தை எல்லாம் எழுத வேண்டியதாகிறது. அப்படி ஒருவரைத் தள்ளும் உரிமை நமக்கு இல்லை. அனுபவக் குறிப்பு வேண்டுமென்றால் வேலையின் நடுவில், வகுப்பில், சின்னதாக எழுதச் சொல்லுங்கள்.

வினாத்தாளில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் பொறி வைப்பது

வினாவை அப்படியே ஏஐயிடம் ஒட்டுபவர் மாட்டிக்கொள்ளட்டும் என்று, சம்பந்தமில்லாத ஒரு கட்டளையை வினாவுக்குள் ஒளித்து வைக்கிறார்கள். பார்வையற்ற மாணவரின் திரை வாசிப்பான் அதை உரக்க வாசிக்கும். விட்டுவிடுங்கள்.

விதி எழுதியதோடு வேலை முடிந்தது என்று இருப்பது

"இந்த அசைன்மென்டில் ஏஐயை யோசனைக்கு மட்டும் பயன்படுத்தலாம், எழுதுவதற்குக் கூடாது" என்று ஒரு வரி. ஏஐயை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதை நிலை 1, நிலை 2 என்று பிரித்து வண்ணம் தீட்டிய அட்டவணை. இவை மாணவரோடு பேசுவதற்கு உதவும், அந்த அளவில் நல்லவை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலையில் யோசனை எங்கே முடிந்தது, எழுத்து எங்கே தொடங்கியது என்று யாராலும் பார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத விதியைப் போட்டால், அதைக் கடைப்பிடிக்கிற மாணவருக்குத்தான் நஷ்டம். ஆகவே ஒன்று, வேலையின் அமைப்பையே மாற்றுங்கள். இல்லையென்றால் அந்த வேலையில் ஏஐ இருக்கும் என்று ஒப்புக்கொண்டு மதிப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் தேர்வு அறைக்கே திருப்பிக் கொண்டுபோவது

பயத்தில் எடுக்கும் முடிவு இது. மூன்று மணி நேரத்தில் மனப்பாடத்திலிருந்து எழுதுவதற்கும், ஒரு மாதம் தரவு திரட்டி, தவறித் திருத்தி, முடிவுக்கு வருவதற்கும் தேவையான திறமைகள் வேறு. இரண்டாவதைத் தேர்வு அறையில் அளக்க முடியாது. பாதுகாப்பான மதிப்பீடு என்றால் தாளும் பேனாவும்தான் என்றும் இல்லை. மருத்துவத்தில் ரொனால்ட் ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டீயில் 1975இல் அறிமுகப்படுத்திய முறையில், மாணவர் நிலையம் நிலையமாகப் போய், நோயாளியைப் பரிசோதிப்பது போன்ற வேலைகளைத் தேர்வாளர் கண்ணெதிரே செய்துகாட்டுகிறார். நிஜ வேலை, நேரடிக் கண்காணிப்பு இரண்டும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

சிட்னி பல்கலைக்கழகம் இருவழி அணுகுமுறை என்று ஒன்றை வைத்திருக்கிறது. மாணவருக்கு உண்மையில் தெரியுமா என்று உறுதி செய்யும் சில மதிப்பீடுகள் நேரடிக் கண்காணிப்பில் நடக்கும். மற்றவை ஏஐயையும் பயன்படுத்திக் கற்றுக்கொள்வதற்காகத் திறந்தே இருக்கும். ஒவ்வொரு அசைன்மென்டையும் பூட்ட வேண்டியதில்லை. பட்டப்படிப்பு முழுவதையும் பார்த்து எந்த இடங்களில் உறுதி தேவை என்று துறையாகக் கூடி முடிவு செய்தால் போதும். தனியாக ஓர் ஆசிரியர் இந்தப் பாரத்தைத் தூக்க முடியாது.

சந்தேகம் வந்தவரை மட்டும் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) அழைப்பது

அழைத்ததுமே அது விசாரணையாகிவிடுகிறது. பயத்தில் தெரிந்ததும் வாய்க்கு வராது. யாரை அழைக்கிறோம் என்பதிலும் நம் முன்முடிவுகள் புகுந்துவிடும். எல்லோருக்கும் வையுங்கள், முதல் நாளிலேயே அறிவியுங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். 120 பேருக்குத் தலைக்கு 10 நிமிடம் என்றால் 20 மணி நேரம். பெரிய நேரம்தான். அதனால் அறிக்கையை நீளமாக வைத்துக்கொண்டு அதன் மேல் வைவாவையும் ஏற்றாதீர்கள். 2,000 சொல் அறிக்கை ஒன்றைப் படித்துக் குறிப்பு எழுதவே பலருக்கும் 20 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அறிக்கையை இரண்டு பக்கமாகக் குறைத்தால் வைவாவுக்கு நேரம் கிடைத்துவிடும்.

பத்து நிமிடத்தில் இரண்டு கேள்விகள் போதும். ஒன்று, நீங்கள் எடுத்த ஒரு முடிவையும் கைவிட்ட ஒரு வழியையும் சொல்லுங்கள், ஏன் கைவிட்டீர்கள் என்பது. இன்னொன்று, ஏதாவது ஒரு நிபந்தனையை மாற்றி இப்போது என்ன செய்வீர்கள் என்பது. பேசுவதில் சிரமமுள்ள மாணவர்கள் அதே கேள்விகளுக்கு உங்கள் முன்னாலேயே எழுதிப் பதில் தரட்டும். உச்சரிப்புக்கும் மொழிநடைக்கும் மதிப்பெண் வைக்காதீர்கள்.