‘இயற்கை மெழுகு’ கார் வேக்ஸ்: வாங்கும் முன் என்ன பார்ப்பது, வாங்கியதை எப்படிப் போடுவது

கார் வேக்ஸ் டப்பாவில் ‘100% கார்னாபா’ என்று பெரிய எழுத்தில் இருந்தால், டப்பா முழுக்க மெழுகு என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். முழுக்கக் கார்னாபாவாக இருந்தால் அதைக் காரில் தேய்க்கவே முடியாது. கார்னாபா செதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வெளிர் மஞ்சளாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் தடம் விழாது, வளைக்கப் பார்த்தால் பட்டென்று ஒடியும்.

கார்னாபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி மாதிரியான வறண்ட மாநிலங்களில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து வருகிறது. வெயிலில் ஈரம் போகாமல் இருக்க அந்த மரம் தன் இலைமேல் தானே பூசிக்கொள்ளும் மெழுகு இது. ஓலையை வெட்டிக் காயவைத்து, அடித்து, உதிர்கிற தூளை உருக்கி வடிகட்டுகிறார்கள். இளம் குருத்தோலையிலிருந்து வருவதுதான் உயர்ந்த ரகம். மிட்டாய் உறைகளில் 903 என்று ஒரு எண் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதேதான். தேன்மெழுகு 62–64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், கார்னாபா உருக 82–86 டிகிரி வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்கு இதைத் தேடுவது இதனால்தான்.

ஆனால் இவ்வளவு கெட்டியான பொருளைக் கையால் தேய்க்கும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டுமே. அதற்குத்தான் நாஃப்தா மாதிரி பெட்ரோலியக் கரைப்பான், தேன்மெழுகோ பாரஃபினோ ஏதாவது ஒரு மிருதுவான மெழுகு, வழுக்கலுக்குச் சிலிகோன் எண்ணெய் எல்லாம் சேர்க்கிறார்கள். இதில் தப்பு எதுவும் இல்லை, கரைப்பான் இல்லாமல் மெல்லிய பூச்சு விழாது. என் கோபமெல்லாம் லேபிள்மேல்தான். ‘100%’ என்பது பெரும்பாலும் உள்ளே போட்ட கார்னாபா கலப்படமில்லாதது என்பதைத்தான் குறிக்கும். எவ்வளவு போட்டார்கள் என்பது வேறு விஷயம், அதை டப்பா சொல்லாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? தயாரிப்பாளரின் இணையதளத்தில் எஸ்டிஎஸ் என்கிற பாதுகாப்புத் தரவுத்தாளைத் தேடுங்கள். அதில் 3-ஆம் பகுதிதான் உங்களுக்கு வேண்டியது. கார்னாபா அபாயமான பொருள் இல்லை என்பதால் அதன் பெயர் அங்கே பெரும்பாலும் இருக்காது, ஆனால் கரைப்பான் எத்தனை சதவீதம் என்று இருக்கும். நாஃப்தா 50–70% என்று போட்டிருந்தால், மெழுகு, சிலிகோன், மற்றதெல்லாம் சேர்ந்தே மீதி இடத்துக்குள்தான் என்று புரிந்துகொள்ளலாம். அலுமினியம் ஆக்சைடு, கயோலின் மாதிரி பெயர் கண்ணில் பட்டால் அது தேய்த்துச் சுத்தம் செய்யும் வகை, மாதாமாதம் போட்டால் பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர்கோட் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

தாள் கிடைக்கவில்லையா? பேஸ்ட் வேக்ஸில் 10 கிராமை ஒரு பழைய தட்டில் மெல்லியதாகப் பரப்பி எடை போட்டு, காற்றோட்டமான இடத்தில், அடுப்புப் பக்கமே போகாமல், சில நாள் வைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். குறைந்தது அத்தனையும் பறந்துபோன கரைப்பான். மிச்சமிருப்பது எல்லாம் மெழுகு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், சிலிகோன் எண்ணெய் ஆவியாகாது. தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைக் காட்டி ‘பாருங்க சார், நல்ல மெழுகு’ என்பார்கள், சிலிகோனும் அதே மாதிரி முத்துக் கோக்கும்.

இன்னொன்று, இயற்கை என்றால் பயமில்லை என்ற எண்ணம். பைன் மரத்து டர்பென்டைனும் ஆரஞ்சுத் தோலின் லிமோனீனும் இயற்கைதான். இரண்டுமே தீப்பிடிக்கும், சிலருக்குத் தோலில் அரிப்பும் வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

போடும் முறையைப் பொறுத்தவரை, காரை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு நிழலில் நிறுத்துங்கள். பானட்டைத் தொட்டால் சூடு தெரியக்கூடாது, சூட்டில் கரைப்பான் சட்டென்று பறந்து மெழுகு திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அதை எடுப்பது பெரிய வேலை. ஒரு கதவளவு இடமாக எடுத்து, தேய்த்த இடமே சரியாகத் தெரியாத அளவுக்கு மெல்லியதாகப் பூசி, வெளுத்து வந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாகப் பளபளவென்று வந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம், இழுபட்டால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் படவிடாதீர்கள், வெள்ளைக் கறை பிடிக்கும். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் என்றால் வேக்ஸே வேண்டாம்.

தினமும் வெயிலில் நிற்கும் காரில் இது சில வாரங்கள் தாங்கினாலே நல்லது. அதிக நாள் வேண்டும் என்றால் சிந்தெடிக் சீலன்ட் என்கிற செயற்கைப் பூச்சு போடுவதுதான் சரி, அதில் இயற்கை என்ற பெயர் இருக்காது, ஆனால் உழைக்கும்.

காருக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும்போது, வேக்ஸ் போட்டிருக்கிறேன் என்று பட்டறையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலிகோன் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் புதுப் பெயிண்டில் சின்னச் சின்னக் குழி விழும், அதைச் சுரண்டித் திரும்ப அடிக்க வேண்டிவரும்.