ஊசியிலைக் காட்டில் காளான் பறிப்பு: முதலில் தண்டின் அடியைப் பாருங்கள்

தண்டைத் தரையோடு அறுத்தெடுத்தால் கூடை சுத்தமாக இருக்கும். ஆனால் ஆளைக் கொல்லும் காளானா என்று காட்டும் பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். டெத் கேப், டெஸ்ட்ராயிங் ஏஞ்சல் என்ற கொடிய நச்சுக் காளான்கள் இரண்டுக்கும் தண்டின் அடியில் கிண்ணம் போன்ற வெள்ளை உறை உண்டு. ஆகவே வகை உறுதியாகும்வரை கத்தியை மண்ணில் இறக்கி முழுதாக நெம்பி எடுங்கள். குழியைச் சருகால் மூடிவிடுங்கள்.

நல்ல மழைக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துப் போகலாம். பிளாஸ்டிக் பையில் காளான் புழுங்கிக் கெடும், கூடைதான் சரி. சந்தேகமானவற்றைத் தனிக் காகிதப் பையில் போடுங்கள்.

புதியவர்களுக்கு மூன்று வகை போதும்.

போர்சினி: குடையடியில் செவுள் (தகடு தகடான மடல்கள்) இருக்காது, பஞ்சு போன்ற நுண்துளைகள்தான். தண்டின் மேற்பகுதியில் வெள்ளை வலைப்பின்னல். அறுத்தால் சதை நீலமாகக் கூடாது. துளைகள் இளஞ்சிவப்பாகவும் வலைப்பின்னல் கருமையாகவும் இருந்தால் அது கசப்புக் காளான். விஷமில்லை, ஆனால் ஒன்று விழுந்தாலும் சட்டி முழுக்கக் கசக்கும்.

சாஃப்ரன் மில்க் கேப்: பைன் மரத்தடியில் கிடைக்கும். கீறினால் கேரட் நிறப் பால் கசியும், கீறிய இடம் மெல்லப் பச்சையாகும். வெள்ளைப் பால் என்றால் விட்டுவிடுங்கள்.

சாந்தெரெல்: இதில்தான் பலர் தவறுகிறார்கள். அடியில் இருப்பவை செவுள்கள் அல்ல, தண்டுவரை இறங்கும் மழுங்கிய மடிப்புகள். நகத்தால் தனியே உரிக்க வராது. கிழித்தால் உள்ளே வெளிறிய சதை. மண்ணில்தான் முளைக்கும், மரக்கட்டையில் கொத்தாக நிற்கும் ஆரஞ்சுக் காளான் வேறு. சாந்தெரெல் முளைக்கும் அதே பாசிமெத்தையில் வெப்கேப் என்ற செம்பழுப்பு நிற நச்சுக் காளானும் வளர்கிறது. அது சிறுநீரகத்தை அழிக்கும். அறிகுறி தெரியவே 2 நாள் முதல் 3 வாரம்வரை ஆகலாம்.

ஐயம் இருந்தால் குடையைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க வையுங்கள். குடையிலிருந்து உதிரும் வித்துத்தூள் சாந்தெரெலுக்கு வெளிர்மஞ்சளாகவோ வெள்ளையாகவோ படியும். துருப்பழுப்பு என்றால் வெப்கேப்பாகவோ, அழுகிய கட்டையில் முளைக்கும் காலெரினா என்ற கொடிய நச்சுக் காளானாகவோ இருக்கலாம். வெள்ளிக்கரண்டி கறுக்கிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்ற சோதனைகளெல்லாம் வெறும் கதை. டெத் கேப்பையும் புழு தின்னும்.

முதல்முறை உண்ணும் வகையை 15–20 நிமிடம் வேகவைத்துச் சிறிதளவே சாப்பிடுங்கள். ஒரு காளானைச் சமைக்காமல் குளிர்பெட்டியில் வையுங்கள். டெத் கேப்பின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. 6 முதல் 24 மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும், பிறகு தேறியதுபோல் தோன்றும். கல்லீரல் சிதைவது அப்போதுதான். வாந்தி நின்றுவிட்டாலும், எடுத்துவைத்த காளானோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.