பிடிபி-8 கணினியில் பிஏஎல்8 அசெம்பிளரை இயக்குதல்: விருப்பக்குறிகளுக்கு ஒரு வழிகாட்டி

டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் 1965இல் வெளியிட்ட பிடிபி-8, 12 பிட் சொற்களைக் கொண்ட மினி கணினி. அதன் அடிப்படை நினைவகம் 4096 சொற்கள் மட்டுமே. பின்னாளில் வந்த ஓஎஸ்/8 இயங்குதளத்துக்கு அதைப் போல் இரு மடங்காவது தேவைப்பட்டது. அந்த இயங்குதளத்தோடு வந்த அசெம்பிளர்தான், அதாவது மனிதர் எழுதும் மூலநிரலை இயந்திரம் புரியும் எண்களாக மொழிபெயர்க்கும் நிரல்தான், பிஏஎல்8. இன்று பெரும்பாலோர் இதைச் சிம்எச் போன்ற போலிக் கணினி நிரல்களில்தான் இயக்குகிறார்கள். அசல் இயந்திரத்தில் தட்டும் கட்டளைகளே அங்கும் மாற்றமின்றிச் செல்லும்.

பிஏஎல்8ஐக் கற்பவர்கள் அறிவுறுத்தல்களைப் படித்த அளவுக்கு விருப்பக்குறிகளை, அதாவது கட்டளையோடு சேர்த்துத் தரும் ஒற்றை எழுத்துத் தெரிவுகளை, படிப்பதில்லை. அவற்றுள் சில, மூலநிரலையும் அதிலிருந்து உருவான எண்களையும் அருகருகே காட்டும் பட்டியலின் தோற்றத்தை மட்டுமே மாற்றும் என்பது உண்மைதான். ஆனால் வேறு சில, அதே மூலநிரலிலிருந்து வேறொரு நிரலையே உருவாக்கிவிடும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்வதே இந்த அசெம்பிளரைப் பயன்படுத்துவதில் முதன்மையான திறன் என்று நான் கருதுகிறேன்.

கட்டளைகளைக் கீழே தமிழ் எழுத்தில் ஒலிப்படியே தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றுக்குரிய ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் தட்ட வேண்டும். ‘டி’ என்பது ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தையும், ‘டீ’ என்பது இருபதாம் எழுத்தையும் குறிக்கும். ‘பி’ என்பது /பி, பிஎன், ஏபிஎஸ்எல்டிஆர் ஆகியவற்றில் இரண்டாம் எழுத்தையும், மற்ற இடங்களில் பதினாறாம் எழுத்தையும் குறிக்கும். ஓஎஸ்/8 சிறிய எழுத்துகளை ஏற்காது. சிம்எச்சில் ‘செட் டீடீஐ கேஎஸ்ஆர்’ என்று ஒருமுறை அமைத்துவிட்டால், தட்டுவதெல்லாம் தானாகவே பெரிய எழுத்தாகிவிடும்.

ஓஎஸ்/8 தொடங்கியதும் திரையில் ஒரு புள்ளி தோன்றும். அது விசைப்பலகைக் கண்காணிப்பு நிரல் கட்டளைக்குக் காத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அங்கே அசெம்பிளரை அழைக்க வேண்டும்:

.ஆர் பிஏஎல்8

இப்போது புள்ளிக்குப் பதிலாக நட்சத்திரக் குறி தோன்றும். இந்த இடத்தில் உங்களோடு பேசுவது அசெம்பிளர் அல்ல, ஓஎஸ்/8இன் கட்டளைப் பகுப்பி. கோப்புப் பெயர்களையும் விருப்பக்குறிகளையும் பிரித்தெடுத்து அசெம்பிளரிடம் ஒப்படைப்பது அதன் வேலை. ஆகவே இங்கே கற்கும் எழுத்துமுறை ஓஎஸ்/8இன் மற்றப் பல நிரல்களுக்கும் பொருந்தும். மூலநிரல் எஸ்யூஎம்.பிஏ என்ற கோப்பில் இருப்பதாகக் கொள்வோம்.

*எஸ்யூஎம்<எஸ்யூஎம்

கோணக் குறிக்கு இடப்புறம் வெளியீடு, வலப்புறம் உள்ளீடு. பின்னொட்டு தராவிட்டால், உள்ளீட்டுக்கு பிஏ என்றும் இருமக் கோப்புக்கு பிஎன் என்றும் பட்டியலுக்கு எல்எஸ் என்றும் அசெம்பிளரே எடுத்துக்கொள்ளும். இடப்புறம் மூன்று கோப்புகள் வரை காற்புள்ளியிட்டுத் தரலாம்: முதலாவது இருமக் கோப்பு, இரண்டாவது பட்டியல், மூன்றாவது குறுக்குக் குறிப்பு அட்டவணை. வலப்புறம் ஒன்பது கோப்புகள் வரை தரலாம். நிரலின் முடிவைக் காட்டும் டாலர் குறி அவற்றுள் கடைசிக் கோப்பில் மட்டுமே இருக்க வேண்டும்.

இடம் முக்கியம் என்பதால், ஒரு வெளியீடு வேண்டாம் என்றாலும் அதற்குரிய காற்புள்ளியை விடக்கூடாது. இருமக் கோப்பு வேண்டாம், பட்டியலை முனையத்திலேயே பார்த்தால் போதும் என்பவர் இப்படி எழுதுவார்:

*,டீடீஒய்:<எஸ்யூஎம்

புதிய நிரலை முதன்முறை சரிபார்க்க இதுவே நல்ல வழி. வட்டில் எதுவும் எழுதப்படாது. பட்டியலும் பிழைகளும் மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

விருப்பக்குறியை ஒரு சாய்கோட்டுக்குப் பின் ஒற்றை எழுத்தாகத் தர வேண்டும். பல எழுத்துகளை /எஸ்/எச் என்று தனித்தனியாகவும் தரலாம். (எஸ்எச்) என்று ஒரே அடைப்புக்குள்ளும் தரலாம். மூலநிரலுக்குள் இதே சாய்கோடு குறிப்புரையின் தொடக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் நேராது.

பட்டியலைத் தொடும் குறிகளை முதலில் முடித்துவிடலாம். /எஸ் தந்தால் பட்டியலின் இறுதியில் வரும் குறியீட்டு அட்டவணை (நிரலில் உள்ள பெயர்களும் அவற்றின் மதிப்புகளும்) விடுபடும். /என் அதற்கு நேர்மாறாக அட்டவணையை மட்டும் தந்து பட்டியலை விட்டுவிடும். /எச் பக்கத் தலைப்பையும் பக்க எண்ணையும் நீக்கும். முனையத்தில் படிப்பவர்களுக்கு இது வசதி. /ஜே, நிபந்தனை நிறைவேறாததால் மொழிபெயர்க்கப்படாத வரிகளைப் பட்டியலில் காட்டாது. பட்டியல் கோப்பே கேட்காதபோது இவற்றால் பயனில்லை, ஏனெனில் பிஏஎல்8 முதற்சுற்றில் பெயர்களைச் சேகரித்து, இரண்டாம் சுற்றில் இருமக் கோப்பை எழுதி, மூன்றாம் சுற்றில்தான் பட்டியலை உருவாக்குகிறது.

அடுத்து வரும் /ஈ என்ற குறியைப் புரிந்துகொள்ள, இயந்திரத்தின் அமைப்பைச் சற்று அறிய வேண்டும். பிடிபி-8இன் நினைவகம் 128 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. நினைவகத்தைச் சுட்டும் அறிவுறுத்தலில் முகவரிக்கென ஏழு பிட்களே உண்டு. அவற்றால் நடப்புப் பக்கத்தையோ சுழியப் பக்கத்தையோ மட்டுமே நேரடியாக எட்ட முடியும். எண்ம முறையில் (எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில்) 200 முதல் 377 வரையுள்ள பக்கத்தில் இருந்துகொண்டு 400இல் உள்ள மதிப்பைக் கேட்டால், பிஏஎல்8 பிழை என்று நிறுத்திவிடுவதில்லை. 400 என்ற முகவரியை நடப்புப் பக்கத்தின் கடைசியில் ஒரு சொல்லில் வைத்து, அதன் வழியாக மறைமுகமாக எட்டும்படி அறிவுறுத்தலை மாற்றிவிடுகிறது. இதற்கு இணைப்பு என்று பெயர். பட்டியலில் அந்த அறிவுறுத்தலின் எண்ணுக்குப் பின்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி நிற்கும். முடிவில் எத்தனை இணைப்புகள் உருவாயின என்ற எண்ணிக்கையும் வரும்.

இது உதவிதான், ஆனால் நீங்கள் எழுதாத ஒரு சொல் உங்கள் பக்கத்தில் இடம்பிடிக்கிறது. இணைப்புகளும் மாறிலிகளும் பக்கத்தின் கடைசி முகவரியிலிருந்து கீழ்நோக்கி வளர்கின்றன. நிரலோ மேல்நோக்கி வளர்கிறது. இரண்டும் மோதினால் பிஈ என்ற பிழை வரும். ஏற்கெனவே மறைமுகமாக எழுதப்பட்ட அறிவுறுத்தல் வேறு பக்கத்தைச் சுட்டினால் இணைப்புக்கு வழியே இல்லாததால் ஐஐ என்ற பிழை வரும். /ஈ தந்தால், ஒவ்வோர் இணைப்பும் உருவாகும்போதே எல்ஜி என்ற எச்சரிக்கை தோன்றும்:

*எஸ்யூஎம்<எஸ்யூஎம்/ஈ

புதிதாக எழுதும் நிரலை எப்போதும் /ஈ தந்தே மொழிபெயர்க்க வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. எல்ஜி வரும் இடங்களைப் பார்த்தால், எந்த மாறியைச் சுழியப் பக்கத்துக்கு நகர்த்துவது, எந்தத் துணைநிரலை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பது தானாகவே தெளிவாகும். மாறாக, பிறர் எழுதிய பழைய நிரலை அப்படியே இயக்க விரும்புவோர் இதை விட்டுவிடலாம். அவற்றின் ஆசிரியர்கள் இணைப்புகளை நம்பியே எழுதியிருக்கக்கூடும்.

உருவாகும் எண்களையே மாற்றும் குறிகளில்தான் மிகுந்த கவனம் தேவை. ஆச்சரியக் குறி வழக்கமாக இரு மதிப்புகளைப் பிட் வாரியாக ‘அல்லது’ (ஓஆர்) முறையில் இணைக்கும், 01!02 என்றால் 0003 கிடைக்கும். /பி தந்தால் இடப்புற மதிப்பு ஆறு பிட்கள் இடம்பெயர்ந்து அதன்பின் இணையும். விடை 0102 ஆகும். எழுத்துகளை இரண்டிரண்டாக ஒரே சொல்லில் அடைப்பவர்களுக்கு இது பயன்படும். /எஃப் என்பது, எழுத்துகளை நினைவகத்தில் அடுக்கச் சொல்லும் டெக்ஸ்ட் என்ற போலி அறிவுறுத்தலைத் (இயந்திரத்துக்கு அல்லாமல் அசெம்பிளருக்கே தரும் கட்டளையை) தொடுகிறது. ஆறு பிட் எழுத்துகள் இரட்டைப்படையாக இருந்தால், முடிவைக் காட்ட ஒரு சுழியச் சொல் கூடுதலாகச் சேர்வது வழக்கம். /எஃப் அதைத் தடுக்கும். சுழியத்தைக் கண்டு நிற்கும் அச்சிடும் துணைநிரலுக்கு இது கேடாகும். /ஓ தந்தால், நினைவகத்தின் வேறொரு 4096 சொல் பகுதிக்கு (ஃபீல்டுக்கு) மாறச் சொல்லும் ஃபீல்ட் என்ற போலி அறிவுறுத்தலுக்குப் பின் முகவரி தானாக 200க்குச் செல்லாது. இம்மூன்றையும் மூலநிரலின் தேவை தெரியாமல் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது. நீங்கள் எழுதும் நிரலுக்கு இவற்றுள் ஏதேனும் தேவையென்றால், கோப்பின் முதல் வரிக் குறிப்புரையிலேயே அதை எழுதிவைப்பது அடுத்து வருபவருக்குச் செய்யும் பேருதவி.

நிரல் மிகப் பெரிதாகி எஸ்ஈ என்ற பிழை வந்தால், குறியீட்டு அட்டவணை நிரம்பிவிட்டது என்று பொருள். கூடுதல் நினைவகம் உள்ள கணினியில் /கே தந்தால் அட்டவணை அங்கும் பரவும். /சி என்பது, மொழிபெயர்ப்பு முடிந்ததும் சிஆர்ஈஎஃப் என்ற நிரலை அழைத்து, ஒவ்வொரு பெயரும் எந்தெந்த வரிகளில் வருகிறது என்ற குறுக்குக் குறிப்பை உருவாக்கும்; அந்த நிரலை அழைக்க முடியாவிட்டால் சிஎஃப் என்ற பிழை வரும். யூஎஸ் என்பது வரையறுக்கப்படாத பெயரையும், ஐசி என்பது ஏற்கத்தகாத எழுத்தையும் குறிக்கும். நாள்தோறும் அதிகம் காணப்போவது இவ்விரண்டையுமே.

பிழை ஏதுமில்லை என்றானபின் நிரலை நினைவகத்தில் ஏற்ற வேண்டும். அதைச் செய்யும் ஏபிஎஸ்எல்டிஆர் என்ற ஏற்றியைத் தனியே அழைக்கலாம். அல்லது அசெம்பிளரிடமே /எல் தரலாம். /ஜி தந்தால் ஏற்றுவதோடு நில்லாமல் உடனே இயக்கியும்விடும். தொடக்க முகவரி வழக்கமாக எண்ம 200. நிரல் நிறுத்த அறிவுறுத்தலோடு முடிந்தால் கணினி அங்கேயே நின்றுவிடும், புள்ளி திரும்ப வராது. ஓஎஸ்/8க்குத் திரும்ப வேண்டுமானால், நிரலின் இறுதியில் சுழிய ஃபீல்டின் 7600க்கோ 7605க்கோ தாவ வேண்டும். முதலாவது நினைவகத்தைக் காத்துவைத்துத் திரும்பும். இரண்டாவது காக்காமல் திரும்பும்.

நிரலை நிலையாக வைத்துக்கொள்ள விரும்பினால் /ஜி வேண்டாம், /எல் போதும்:

*எஸ்யூஎம்<எஸ்யூஎம்/எல்

ஏற்றியபின் மீண்டும் நட்சத்திரக் குறி தோன்றினால், எஸ்கேப் விசையை அழுத்திப் புள்ளிக்குத் திரும்புங்கள். நினைவகத்தில் இருப்பதை வேறெந்த நிரலும் அழிப்பதற்கு முன், உடனே இதைத் தட்ட வேண்டும்:

.சேவ் எஸ்ஒய்எஸ் எஸ்யூஎம்

எஸ்ஒய்எஸ் என்பது ஓஎஸ்/8 இருக்கும் வட்டின் பெயர். இதனால் எஸ்வி என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பு உருவாகும். இனி அசெம்பிளரையோ ஏற்றியையோ அழைக்காமல், ‘ஆர் எஸ்யூஎம்’ என்று தட்டினாலே உங்கள் நிரல் இயங்கும்.