நரம்பு மண்டலத்தை உங்கள் உடம்பிலேயே படிக்கலாம்

பிசியோதெரபி மாணவர்களுக்கு உடற்கூறியல் சொல்லித்தருவது என் வேலை. நரம்பு மண்டலம் என்றதும் பெரும்பாலோர் பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்: மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகள், தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி. பெயர்கள் அப்புறம் வரட்டும். முதலில் மூன்று கேள்விகள் போதும். செய்தி எங்கிருந்து உள்ளே வருகிறது? எங்கே முடிவாகிறது? எந்த வழியாக வெளியே போகிறது? உள்ளே கொண்டுவருபவை உணர்வு நரம்புகள், தசைக்குக் கட்டளை கொண்டுபோகிறவை இயக்க நரம்புகள். முடிவெடுக்கும் மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். மற்றதெல்லாம் புற நரம்பு மண்டலம்.

சரி, முழங்கையில் தொடங்குங்கள். கையை லேசாக மடக்கி, உட்பக்கம் துருத்தும் எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவே உள்ள பள்ளத்தை மெதுவாகத் தடவுங்கள். மெல்லிய கயிறு போல ஒன்று விரலடியில் உருளும். அதுதான் அல்னார் நரம்பு. அழுத்த வேண்டாம். தொடுவது முழங்கையை, சுரீரென்று ஏறுவதோ சுண்டுவிரலிலும் மோதிரவிரலின் ஒரு பாதியிலும். இந்த நரம்பு வழக்கமாகச் செய்தி கொண்டுவருவது அந்த இடங்களிலிருந்துதான். அதனால் வழியில் எங்கே தட்டினாலும் விரலிலிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. முதுகில் ஒரு நரம்பு வேர் அழுத்தப்பட்டால் காலில் வலி தெரிவதும் இப்படித்தான்.

அடுத்து முழங்கால். இதற்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள், பாதி நரம்பு மண்டலம் இதில் அடங்கிவிடும். பாதம் தரையைத் தொடாதபடி உயரமாக உட்காருங்கள். காலைத் தளரவிடுங்கள். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே இருக்கும் தசைநாணை, கூட இருப்பவர் உள்ளங்கையின் ஓரத்தால் சட்டென்று தட்டட்டும். கால் முன்னே எகிறும்.

தட்டிய கணத்தில் தொடையின் முன்பக்கத் தசை இழுபடுகிறது. அந்தச் செய்தி உணர்வு நரம்பில் ஏறித் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. அங்கே ஒரே ஒரு சினாப்ஸ்தான், அதாவது ஒரு நரம்பு செல் அடுத்ததைச் சந்திக்கும் இடம். மின்துடிப்பு வந்து முடியும் இடத்தில் ஒரு வேதிப்பொருள் வெளிப்பட்டு, நுண்ணிய இடைவெளியைக் கடந்து, அடுத்த நரம்பு செல்லைத் தூண்டுகிறது. அந்த செல்லின் கட்டளையால் அதே தசை சுருங்குகிறது. கூடவே இன்னொரு கிளை, நடுவில் ஒரு சிறு செல்லின் மூலம், தொடையின் பின்பக்கத் தசையை அடங்கியிருக்கச் செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: ஒன்றைச் சுருக்கும்போதே எதிர்த் தசையைத் தளர்த்தும் ஏற்பாடு தண்டுவடத்திலேயே இருக்கிறது. மூளையின் அனுமதிக்கு யாரும் காத்திருப்பதில்லை. கால் சரியாக எகிறவில்லையென்றால், இரண்டு கை விரல்களையும் கோத்து எதிரெதிராக இழுத்துக்கொண்டே மறுபடி தட்டச் சொல்லுங்கள். பலருக்கு நன்றாகத் தெரியும். சிலருக்கு இயல்பிலேயே குறைவாகத்தான் இருக்கும்.

மூளையைச் சேர்க்க ஓர் அளவுகோல் போதும். பூஜ்யம் உங்கள் விரல்களுக்கு நடுவே இருக்கும்படி ஒருவர் அதைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் விடட்டும். 20 செ.மீ. கோட்டில் பிடித்தால் நீங்கள் எடுத்த நேரம் சுமார் 0.2 நொடி. கண்ணில் தொடங்கி, பெருமூளையின் பின்பகுதிக்குப் போய், இயக்கப் பகுதிக்கு வந்து, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறி, தண்டுவடம் வழியாக விரலுக்கு இறங்கும் நீண்ட பாதை இது. வலது கையை ஆள்வது இடது பெருமூளை. அசைவைப் பிசிறில்லாமல் ஒழுங்கு செய்வது சிறுமூளை.

நம் முயற்சியில்லாமல் உள்ளுறுப்புகளை நடத்தும் தானியங்கு நரம்புகளுக்கு மணிக்கட்டில் நாடி பாருங்கள். மெதுவாக மூச்சை இழுக்கையில் துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடுகையில் தணியும். தணிப்பது மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு. ஓடும்போதும் பயப்படும்போதும் வேகம் கூட்டுவது பரிவு நரம்புகள்.

இனி தாளை எடுத்து, வெறுங்காலில் முள் குத்தினால் என்ன நடக்கும் என்று நீங்களே வரையுங்கள். சுருக்கென்ற முதல் வலி மயலின் என்ற கொழுப்பு உறை உள்ள மெல்லிய இழைகளில் வரும். பின்தொடரும் மந்தமான வலி உறையில்லாத இழைகளில், நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில் வரும். இரண்டையும் தனித்தனிக் கோடாகப் போடுங்கள். குத்திய கால் மடங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே நேரம் உடம்பைத் தாங்க மற்றக் கால் விறைக்கிறது, அந்தக் கட்டளை தண்டுவடத்தின் மறுபக்கத்துக்குக் கடக்கும் கோட்டையும் வரைய வேண்டும்.